மாதச் சுழற்சியைக் கணித்துச் சிகிச்சை: எத்தனை காலம் முயலலாம், எப்போது நிறுத்த வேண்டும்?

வாசகியின் கடிதம்:

எனக்கு வயது 34, கணவருக்கு 37. இரண்டரை ஆண்டுகளாகக் குழந்தைக்காக முயல்கிறோம். எனக்கு 34 முதல் 36 நாட்களுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வரும். 21-ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் குறைவு, அதனால் கருமுட்டை வெளியாகவில்லை என்றார்கள். 12 முதல் 16-ஆம் நாள் வரை சேர்ந்திருக்கச் சொன்னார்கள், அப்படியே செய்தோம். ஒன்றரை ஆண்டுக்கு முன் கணவருக்கு ஒரே ஒரு முறை விந்து பரிசோதனை செய்தோம். மில்லிலிட்டருக்கு 1 கோடியே 10 லட்சம் அணுக்கள் என்று வந்தது. 'கொஞ்சம் கம்மி, பரவாயில்லை' என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். கருக்குழாய் பரிசோதனை செய்யவில்லை. இப்போது ஐவிஎஃப் ஒன்றே வழி என்கிறார்கள். எனக்கோ, மீதமாகும் கருக்களை உறைய வைப்பதும் பிறகு அழிப்பதும் மனதுக்கு ஒப்பவில்லை. கருப்பைவாய்ச் சளியையும் நாட்களையும் குறித்து வைத்துச் செய்யும் இயற்கை வழிச் சிகிச்சை இருக்கிறது, பாதிக்கு மேல் வெற்றி, ஐவிஎஃப் பாவம் என்று அதைக் கற்றுத்தரும் ஒருவர் சொல்கிறார். என் மருத்துவரோ அதெல்லாம் நேர விரயம் என்கிறார். அது உண்மையான மருத்துவமா, வெறும் நம்பிக்கையா? அதில் போனால் என் வயதை வீணடிக்கிறேனா? வீட்டில் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் போகுமுன் கடிதத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்துவிடலாம். 35 நாள் சுழற்சி, 21-ஆம் நாள் ரத்தப் பரிசோதனை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரச் சுமார் 12 முதல் 14 நாட்கள் ஆகும். இந்தப் பின்பாதி அதிகம் மாறாது. சுழற்சி நீளமாக இருக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் முன்பாதிதான் நீண்டிருக்கும். 28 நாள் சுழற்சி என்றால் 14-ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிவரும். அதிலிருந்து ஒரு வாரம் கழித்து, அதாவது 21-ஆம் நாள், புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும். அந்தப் பரிசோதனைக்கு 21 என்ற எண் வந்தது இப்படித்தான். உங்களுக்கு 35 நாள் என்றால் முட்டை வெளிவருவதே 21-ஆம் நாள் வாக்கில். அன்று ரத்தம் எடுத்தால் புரோஜெஸ்டிரோன் குறைவாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதுதான் சரியும்கூட. உங்களுக்கு அந்த ரத்தத்தை 28-ஆம் நாள் எடுத்திருக்க வேண்டும். அன்று மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று பொருள். உங்களுக்கு முட்டை வெளியாகிறது என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்து வெளியாகவில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. 24 முதல் 38 நாட்களுக்குள் ஒரே சீராக வரும் மாதவிடாய் இயல்பானது என்றே மகப்பேறு மருத்துவம் வகுத்திருக்கிறது. நீங்கள் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்.

12 முதல் 16 வரை என்ற அறிவுரைக்கும் இதே கதைதான். அமெரிக்க ஆய்வாளர் வில்காக்ஸும் அவருடைய சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் ஆறு, அந்த ஆறும் முட்டை வெளியாகும் நாளோடு முடிந்துவிடுகின்றன என்று அது காட்டியது. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாகக் கிடையாது. விந்தணு நல்ல சளி இருந்தால் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் முட்டைக்காக விந்தணு காத்திருக்க வேண்டும், மாறி நடந்தால் பலனில்லை. உங்கள் கணக்கில் அந்த ஆறு நாட்கள் தோராயமாக 16 முதல் 21 வரை. நீங்கள் சேர்ந்திருந்த நாட்களில் கடைசி ஒன்று மட்டும்தான் அதன் வாசலைத் தொடுகிறது. இதே குழுவின் 2000-ஆம் ஆண்டு ஆய்வின்படி, 10 முதல் 17-ஆம் நாளுக்குள் இந்த ஆறு நாட்களும் முழுமையாக அடங்கிவிடுவது சுமார் 30 விழுக்காட்டுப் பெண்களுக்கு மட்டும்தான். எல்லோருக்கும் ஒரே தேதியைச் சொல்லி அனுப்புவது இவ்வளவு பேருக்குப் பொருந்தாத அறிவுரை.

குழந்தை உண்டாகாததற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கணவரின் எண்ணிக்கையும், பார்க்கப்படாத கருக்குழாயும் இருக்கின்றன. ஆனால் உங்கள் இரண்டரை ஆண்டில் கணிசமான பகுதி, சரியான நாட்களில் முயன்ற காலம் அல்ல. ஐவிஎஃப் தேவையா என்று முடிவெடுக்கும்போது இதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட சிகிச்சைக்கு வருகிறேன்.

இதன் வேர் ஆஸ்திரேலியாவில். மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி 1950-களில் தொடங்கி, கருப்பைவாயில் சுரக்கும் சளி எப்படி மாறுகிறது என்பதைப் பெண்களே கவனித்துக் கருவளமுள்ள நாட்களை அறியும் முறையை உருவாக்கினார்கள். பின்னர் உலக சுகாதார நிறுவனம் ஆக்லாந்து, பெங்களூர், டப்ளின், மணிலா, எல் சால்வடாரின் சான் மிகேல் ஆகிய ஐந்து இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. கற்றுக்கொண்ட முதல் சுழற்சியிலேயே 93 விழுக்காடு பெண்களால் அந்த மாற்றத்தை அடையாளம் கண்டு குறிக்க முடிந்தது. பெரிய படிப்பு எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் தாமஸ் ஹில்கர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் அதே கவனிப்பை ஒரே சீரான குறியீடுகளாக்கி 'கிரைட்டன் மாடல்' என்று அமைத்தார். அந்தக் குறிப்பை வைத்து நோயைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் முறைக்கு 'நேப்ரோ டெக்னாலஜி' என்று பெயர் வந்தது. அவர் கத்தோலிக்கர், 1985-இல் தொடங்கிய தம் நிறுவனத்துக்கு ஆறாம் பால் போப்பின் பெயரை வைத்தவர். அதனால் இதன் பின்னால் சமய நம்பிக்கை இருக்கிறதா என்றால் இருக்கிறது, யாரும் அதை மறைக்கவில்லை. அதற்காக அங்கே நடக்கும் மருத்துவம் பொய்யாகிவிடாது. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இயற்கை வழி என்றதும் பலரும் மூலிகைப் பொடி, உணவுக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் மருந்து உண்டு, ஊசி உண்டு, ஆபரேஷனும் உண்டு. முட்டை வளர லெட்ரோசோல் அல்லது குளோமிஃபீன், பின்பாதிக்குப் புரோஜெஸ்டிரோன் அல்லது ஹெச்சிஜி ஊசி, கருப்பை உள்படலத் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் அகற்றுதல், தைராய்டு சரிசெய்தல் என்று வழக்கமான மகப்பேறு மருத்துவத்தின் கருவிகள்தான் பெரும்பாலும். எல்லாவற்றையும் பெண்ணின் சொந்தச் சுழற்சியோடு பொருத்திச் செய்வார்கள். கருத்தரிப்பு தம்பதியரின் உறவின் வழியே மட்டும் நடக்க வேண்டும், கருவை உடலுக்கு வெளியே உருவாக்கக் கூடாது என்று ஒரு எல்லையும் வைத்திருக்கிறார்கள்.

குறிப்பு எழுதுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இந்த வழியில் போனாலும் போகாவிட்டாலும் இது உதவும். ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும், சிறுநீர் கழிக்கும் முன்பும் பின்பும், டிஷ்யூவால் முன்னிருந்து பின்னாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைக்கும்போது வறட்சியாக உராய்கிறதா, ஈரமாக இருக்கிறதா, வழுக்குகிறதா? ஏதாவது ஒட்டியிருந்தால் இரண்டு விரலுக்கு நடுவே எடுத்து மெதுவாக விலக்கிப் பாருங்கள். உடனே அறுந்துவிட்டால் ஒன்று. அறுந்து போகாமல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி கண்ணாடி போலத் தெளிவாக நீண்டால் வேறு, அது கருவளம் மிகுந்த சளி. அன்றைய நாளில் பார்த்ததிலேயே மிகவும் கருவளம் காட்டும் அடையாளத்தை இரவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கிரைட்டன் முறையில் இதற்கு ஸ்டிக்கர் உண்டு: ரத்தப்போக்கு நாளுக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, சளி தெரியும் நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. தெளிவான, நீளும், வழுக்கும் சளி தெரிந்த கடைசி நாளை 'உச்ச நாள்' என்பார்கள். முட்டை வெளியாவது பெரும்பாலும் அந்த நாளை ஒட்டி, ஓரிரு நாள் முன்பின்னாக இருக்கும்.

உங்கள் வயதில் ஒரு பெண் மூன்று மாதக் குறிப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தால், ஒரு ஸ்கேன் சொல்லாத விஷயங்கள் அதில் கிடைக்கும். உதாரணமாக, முதல் மாதத்தில் உச்ச நாள் 20, அடுத்த மாதம் 22, மூன்றாவது மாதம் 21. மூன்றிலும் உச்ச நாளுக்குப் பிறகு 13, 14 நாட்கள் கழித்து மாதவிடாய் என்றால் முட்டை ஒழுங்காக வெளியாகிறது, தாமதமாக மட்டும் வெளியாகிறது என்று நான் ஏறக்குறைய நம்புவேன். அதே குறிப்பில் சளி இரண்டு நாள் வந்து, நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு பக்கம் யோசிப்பேன். மாதவிடாய்க்கு முன்னால் மூன்று நான்கு நாள் பழுப்புக் கசிவு இருந்தால் ஒரு கேள்விக்குறி போடுவேன். கடும் வலியும் சேர்ந்தால் எண்டோமெட்ரியோசிஸைத் தேடுவேன். ரத்தப் பரிசோதனையை எந்த நாளில் எடுப்பது என்பதையும் அந்தத் தாளே சொல்லிவிடும்: உச்ச நாளிலிருந்து ஏழாவது நாள். உங்களுக்கு 21-ஆம் நாளில் நடந்த குழப்பம் அங்கே நடக்காது.

என் பார்வையில் இந்த முறையின் அசல் பலம் இதுதான். அது ஒரு நல்ல நோயறியும் வழி. சிகிச்சைப் பக்கம் வரும்போது சில இடங்களில் ஆதாரம் உறுதியாக இருக்கிறது, சில இடங்களில் இல்லை. பிசிஓஎஸ் பெண்களுக்கு லெட்ரோசோல் பலன் தருகிறது என்பது உறுதி. 2014-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. லேசான எண்டோமெட்ரியோசிஸை லேப்ராஸ்கோபியில் அகற்றினால் கருத்தரிப்பு கூடும் என்பதற்கும் ஆய்வு உண்டு. ஆனால் பின்பாதி பலவீனம் என்று சொல்லி எல்லோருக்கும் மாதாமாதம் புரோஜெஸ்டிரோன் கொடுப்பதற்கு அப்படிப்பட்ட அடித்தளம் இல்லை. பின்பாதிக் குறைபாடு தனியாகக் குழந்தையின்மைக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. யாராவது உங்களுக்கு அதை எழுதிக் கொடுத்தால், எதற்காக, எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

'பாதிக்கு மேல் வெற்றி' என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அயர்லாந்தில் ஒரு பொது மருத்துவரின் கிளினிக்கில் இந்தச் சிகிச்சை பெற்ற தம்பதிகளைப் பற்றி 2008-இல் ஒரு கட்டுரை வந்தது. சிகிச்சை தொடங்கியவர்கள் 1072 ஜோடி. இரண்டு ஆண்டில் 100 ஜோடிக்கு 52.8 பேருக்குக் குழந்தை என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில், அதே பக்கத்தில், இன்னொரு எண்ணும் இருக்கிறது: 25.5. தொடங்கிய எல்லோரையும் கணக்கில் எடுத்தால் உண்மையில் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 25.5 பேர். பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களும் தொடர்ந்திருந்தால் மற்றவர்கள் அளவுக்கே வெற்றி பெற்றிருப்பார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் 52.8 வரும். ஆனால் பாதியில் விடுபவர்களில் பலர் பலன் தெரியாமல்தான் விடுகிறார்கள். அதனால் உண்மை இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்தப் பெண்களின் சராசரி வயது 35.8, ஏற்கெனவே சராசரியாக 5.6 ஆண்டு முயன்றவர்கள், மூன்றில் ஒரு பங்கினர் ஐவிஎஃப் போன்றவற்றையும் முயன்று பார்த்தவர்கள். அவர்களில் நூற்றுக்கு 25 பேர் என்பதே சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஆய்வும் அல்ல. எதுவும் செய்யாமலே எத்தனை பேருக்கு உண்டாகியிருக்கும் என்பது அதிலிருந்து தெரியாது. ஆக, இது முழு நேர விரயமும் அல்ல, ஐவிஎஃப்புக்கு நிகர் என்று நிரூபிக்கப்பட்டதும் அல்ல. உங்களுக்குக் கற்றுத்தருபவரும் உங்கள் மருத்துவரும் ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

நெறி பற்றிய கேள்விக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் மனம் அதிகம் அலைபாய்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போது தெரிந்தது.

கருவைப் பற்றிய உங்கள் தயக்கத்தை ஒரு மருத்துவர் மதித்தே ஆக வேண்டும். அது அறியாமையும் இல்லை, பிடிவாதமும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987-இல் வெளியிட்ட ஆவணத்தில், தம்பதியரின் உறவுக்கு உதவும் சிகிச்சை சரி, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் சிகிச்சை சரியல்ல என்று பிரித்தது. 1980-இல் எகிப்தில் வெளியான ஃபத்வா என்ற இஸ்லாமியச் சமயத் தீர்ப்பு, கணவன் மனைவியின் சொந்த அணுக்களைக் கொண்டு செய்யும் ஐவிஎஃப்பை அனுமதித்தது, மூன்றாவது நபரின் அணுவை அனுமதிக்கவில்லை. எந்தச் சமயமும் சாராமல், மீதக் கருக்களை நினைத்து மட்டும் வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லெண்ணம் உள்ளவர்களே வெவ்வேறு முடிவுக்கு வரும் விஷயம் இது. ஆகவே ஐவிஎஃப் பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. கற்றுத்தருபவரின் வேலையும் அல்ல. குழந்தை இல்லாமல் வருந்தும் ஒரு பெண்ணின் தோளில் பாவம் என்ற சொல்லையும் தூக்கி வைப்பது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். ஐவிஎஃப்பில் பிறந்த குழந்தைகள் இதைப் படிக்கிற வீடுகளிலும் இருப்பார்கள்.

உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: எதில்தான் மனம் ஒப்பவில்லை? மீதமாகும் கருக்களா, அல்லது உடலுக்கு வெளியே கரு உருவாவதேயா? கடிதத்தைப் படித்தால் முதலாவது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் முன் இருக்கும் வழிகள் இரண்டு மட்டும் அல்ல. ஐயூஐ சிகிச்சையில் விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் வைப்பார்கள், வெளியே எந்தக் கருவும் உருவாவதில்லை. ஐவிஎஃப்பிலும் இரண்டு மூன்று முட்டைகளை மட்டும் கருவாக்கி, மீதியைக் கருவாக்காமல் முட்டையாகவே உறைய வைக்கச் சொல்லலாம். ஊசிகள் இல்லாமல், அந்த மாதம் இயற்கையாக வளரும் ஒரே முட்டையை எடுத்துச் செய்யும் ஐவிஎஃப்பும் உண்டு. 1978-இல் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுன் அப்படி எடுத்த ஒரே முட்டையிலிருந்து வந்தவர்தான். ஒரு முயற்சிக்கான வாய்ப்பு இவற்றில் குறையும், சில மாதம் முட்டை கிடைக்காமலே போகும், அதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று கிளினிக்கில் நேரடியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உடலுக்கு வெளியே என்பதே ஒப்பவில்லை என்றால் அதுவும் ஒரு முழு முடிவுதான். அதன் விலை என்ன என்று தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் யாரும் உங்களைக் குறைசொல்ல முடியாது.

இயற்கை வழிச் சிகிச்சை தருபவர்களுக்கும் ஒரு நெறி இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இயற்கை என்ற பெயர் இருந்தாலே கேடு ஒன்றும் வராது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். இரண்டு கருக்குழாயும் அடைத்திருக்கும் பெண்ணை ஆறு மாதம் சளி குறிக்கச் சொல்வது கேடு. விந்தணுவே இல்லாத கணவரின் மனைவிக்கு மாதாமாதம் ஹார்மோன் கொடுப்பது கேடு. 41 வயதுப் பெண்ணிடம் இரண்டு ஆண்டு பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு ஆண்டில் முட்டைகளுக்கு என்ன ஆகும் என்று சொல்லாமல் விடுவதும் கேடுதான். ஒரு மருத்துவர் தம் மனசாட்சிப்படி ஐவிஎஃப் செய்ய மறுக்கலாம். ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது, உங்கள் நிலையில் அதன் வாய்ப்பு இவ்வளவு என்ற தகவலை மறைக்க அவருக்கு உரிமை கிடையாது. மறுபக்கமும் இப்படித்தான். குழாயைப் பார்க்காமல், கணவரை இரண்டாம் முறை பரிசோதிக்காமல், தவறான நாளில் எடுத்த ரத்தத்தை நம்பி ஐவிஎஃப் ஒன்றே வழி என்று சொல்வதும் நெறி தவறியதுதான். ஐவிஎஃப் வேண்டும் என்ற முடிவு ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கான காரணம் உங்களுக்கு இன்னும் காட்டப்படவில்லை.

இனி என்ன செய்யலாம்? உங்கள் இடத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இது.

முதல் வேலை கணவருக்கு. 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனக் கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. அவருக்கு 1 கோடியே 10 லட்சம். இதைக் 'கொஞ்சம் கம்மி' என்று விட்டுவிடக் கூடாது. 'இதனால்தான் எல்லாம்' என்றும் சொல்லிவிடக் கூடாது. இந்த எண் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆவதால், பரிசோதனைக்கு முந்தைய மூன்று மாதத்தில் வந்த கடுமையான காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். உடனே ஒருமுறை மீண்டும் எடுங்கள். இம்முறையும் குறைவாக வந்தால் சிறுநீரக, ஆண்கள் நல மருத்துவரிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். விரைப்பையில் ரத்தநாளம் புடைத்திருக்கும் வேரிகோசீல் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். புகை, மது, உடற்பயிற்சிக் கூடங்களில் கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி எதுவானாலும் நிறுத்த வேண்டும். அந்த ஊசி உடம்பில் ஆண்மையைக் கூட்டும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு விந்தணுவைச் சுத்தமாக இழந்தவர்கள் உண்டு.

உங்களுக்கு முதலில் கருக்குழாய் பரிசோதனை. ரத்தப்போக்கு நின்ற பிறகு, சளி தெரியத் தொடங்குமுன், சாயம் செலுத்திக் குழாயை எக்ஸ்ரேயில் பார்க்கும் ஹெச்எஸ்ஜி எடுத்துவிட வேண்டும். இரண்டும் அடைப்பு என்று வந்தால் குறிப்புத் தாளை மூடிவைத்துவிட்டு அடுத்த வழியைப் பேச வேண்டியதுதான். இதோடு தைராய்டு, புரோலாக்டின், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச். ஏஎம்ஹெச் குறைவாக வந்தால் பதறிவிடாதீர்கள். ஐவிஎஃப்பில் எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஊகிக்க அது உதவும். இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்வதில்லை.

அதே மாதம் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுங்கள். முறையாகக் கற்றுத்தருபவரிடம் கற்றால் நல்லது. பாவ புண்ணியம் பேசாத ஒருவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெளியாவதைக் காட்டும் சிறுநீர்ப் பட்டையையும் கூடவே பயன்படுத்தலாம். உங்கள் சுழற்சிக்கு 14-ஆம் நாள் தொடங்கி தினமும் பாருங்கள். பிசிஓஎஸ் இருந்தால் அது தவறாகக் காட்டக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீளும் சளி தெரியும் நாட்களில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். 'சேமித்து வைக்க' வேண்டும் என்று ஒரு வாரம் விலகியிருக்க வேண்டாம். உச்ச நாளுக்குப் பின் ஏழாம் நாள் புரோஜெஸ்டிரோன் எடுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நாள் குறித்துச் சேரும்போது படுக்கையறை தேர்வுக்கூடம் போல் ஆகிவிடும். பல ஆண்களுக்கு அந்த நாட்களில் மட்டும் உடல் ஒத்துழைக்காமல் போவதுண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். அப்படி நடந்தால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். முடிந்தால் இரவில் அந்த ஒரு வரியை அவரே எழுதட்டும். நாளைச் சொல்லிக் கூப்பிடும் பொறுப்பு உங்கள் தலையில் மட்டும் இருக்காது, அவரும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பார்.

காலக்கெடு. குழாய் திறந்திருந்து, முட்டை வெளியாவதும் உறுதியாகி, இரண்டாவது விந்து பரிசோதனை ஓரளவு நன்றாக இருந்தால், சரியான நாட்களில் ஆறு சுழற்சி முயலுங்கள். உங்களுக்கு 35 நாள் சுழற்சி என்பதால் அது ஏழு மாதம் ஆகும். எண்ணிக்கை அதே 1 கோடியே 10 லட்சத்தில் நின்றால் மூன்று சுழற்சிக்குப் பின் ஐயூஐ பற்றிப் பேசலாம். அதைவிடப் பாதியாகக் குறைந்திருந்தால் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஆறு சுழற்சி முடிந்தும் உண்டாகவில்லை என்றால், அன்று உங்களுக்கு 35 வயது, இயற்கை வழியில் இன்னும் ஓராண்டு பொறுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மேலே சொன்ன ஐவிஎஃப் வழிகளில் உங்கள் மனதுக்கு ஒத்த ஒன்று இருக்கிறதா என்று அப்போது இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அந்தப் பேச்சுக்கான தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள். நீங்கள் 38 வயதில் இதே கடிதத்தை எழுதியிருந்தால் ஆறு சுழற்சி என்று சொல்லியிருக்க மாட்டேன், மூன்றோடு நிறுத்தியிருப்பேன். உங்கள் வயதை வீணடிக்கிறீர்களா என்று கேட்டீர்கள். பரிசோதனைகளை முடித்து, தேதி குறித்து, ஏழு மாதம் முயல்வது வீணடிப்பு அல்ல.

வீட்டில் கேட்டால், 'இருவருக்கும் பரிசோதனை நடக்கிறது, இந்த ஆண்டுக்குள் முடிவெடுப்போம்' என்று உங்கள் கணவரே சொல்லட்டும். அவருடைய எண்ணிக்கையையோ உங்கள் ரிப்போர்ட்டையோ யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஹெச்எஸ்ஜி, இரண்டாவது விந்து பரிசோதனை, ஏழாம் நாள் புரோஜெஸ்டிரோன் மூன்றும் கைக்கு வந்ததும், மூன்று மாதக் குறிப்போடு எனக்கு மறுபடி எழுதுங்கள். ஐவிஎஃப் சொன்ன உங்கள் மருத்துவரிடமும் அதே தாள்களைக் காட்டிக் கேளுங்கள். இவற்றைப் பார்த்த பிறகும் அவர் அதையே சொன்னால், காரணத்தை விளக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.